டிரஸ்ஸிங் ரூம்: ஒரு சொல்லின் பொருளும் நெல்லைச் சீமையின் ஆடுகளங்களும்

தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் 2016-இல் தொடங்கியபோது சென்னை, திண்டுக்கல் ஆகிய ஊர்களோடு திருநெல்வேலிக்கும் ஆட்டங்கள் கிடைத்தன. தாழையூத்தை அடுத்த சங்கர் நகரில், இந்தியா சிமெண்ட்ஸ் ஆலையின் மைதானத்தில் அவை நடந்தன. எல்லைக் கோட்டருகே நாற்காலி போட்டு மாற்று வீரர்கள் அமர்ந்திருக்கும் இடம் டக்அவுட் என்பதையும், அதற்குப் பின்னால் பார்வையாளர் எவரும் போக முடியாத ஓர் அறை இருக்கிறது என்பதையும் நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே நேரில் கண்டார்கள். டிரஸ்ஸிங் ரூம் என்னும் சொல் அதற்கு வெகு முன்பே நம்மிடம் வந்துவிட்டது. "டிரஸ்ஸிங் ரூமில் என்ன நடந்தது?" என்று தலைப்பிடாத தமிழ் விளையாட்டுச் செய்திப் பக்கமே இல்லை என்னும் அளவுக்கு அது இன்று பரவியிருக்கிறது. ஆனால் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது, எங்கிருந்து அந்தப் பொருளைப் பெற்றது, சொல் வந்து சேர்ந்த அளவுக்கு அந்த அறை நம் மண்ணுக்கு வந்து சேர்ந்ததா என்பவை நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயங்கள்.

சொல்லுக்கு நேர்ப்பொருள் எளியது. ஆட்டக்காரர் வெளியுடையைக் களைந்து ஆட்ட உடை அணியும் அறை, ஆட்டம் முடிந்தபின் குளித்துப் பழைய உடைக்குத் திரும்பும் அறை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் டிரஸ்ஸிங் ரூம் என்று வழங்குவதை அமெரிக்காவில் லாக்கர் ரூம் என்கிறார்கள். ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனிப் பெட்டகம் அங்கே இருப்பதால் அந்தப் பெயர். பேஸ்பால் ஆட்டத்தில் மட்டும் அதற்கு கிளப்ஹவுஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ரக்பி ஆடுகிறவர்கள் ஷெட் என்கிறார்கள். தமிழில் லாக்கர் என்றால் நகை வைக்கும் வங்கிப் பெட்டகமே முதலில் நினைவுக்கு வருவதாலோ என்னவோ, அமெரிக்கப் பெயர் நம்மிடம் ஒட்டவில்லை. நாளிதழ்கள் ஓய்வறை என்றும் வீரர்கள் அறை என்றும் உடை மாற்றும் அறை என்றும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. அதற்கும் முந்தைய வழக்கு பெவிலியன், அதாவது வீரர்களின் அறைகள் அமைந்த மைதானக் கட்டடம். ஆட்டமிழந்தவர் "பெவிலியன் திரும்பினார்" என்னும் தொடர், பெவிலியன் எப்படி இருக்கும் என்றே அறியாத கிராமத்துச் சிறுவர்களுக்கும் வானொலி வழியே மனப்பாடமானது. மேற்சொன்னவற்றில் ஓய்வறை என்பதே எனக்குக் குறையுடையதாகத் தோன்றுகிறது. அந்த அறையில் ஓய்வு மிகக் குறைவாகவும், பதற்றம், திட்டம், கோபம், சிரிப்பு ஆகியவை மிகுதியாகவும் இருப்பதை விளையாடியவர்கள் அறிவார்கள்.

நேர்ப்பொருளிலிருந்து இரண்டு வழிப்பொருள்கள் கிளைத்தன. முதலாவது, அறை என்னும் சொல் அதற்குள் இருக்கும் ஆட்களையும் அவர்களுடைய மனநிலையையும் குறிப்பது. "டிரஸ்ஸிங் ரூமில் சலசலப்பு" என்றால் அணிக்குள் பிளவு என்று பொருள். "பயிற்சியாளர் டிரஸ்ஸிங் ரூமை இழந்துவிட்டார்" என்றால் வீரர்களுக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது என்று பொருள். இந்த வழக்கு இங்கிலாந்துக் கால்பந்திலிருந்து வந்து, இப்போது தமிழ் வர்ணனையாளர்கள் வாயிலும் தடையின்றிப் புரள்கிறது. இரண்டாவது வழிப்பொருள், அந்த அறைக்குள் பேசப்படும் பேச்சு. அதை அமெரிக்கர்கள் லாக்கர் ரூம் பேச்சு என்பார்கள். 2016 அக்டோபரில், பெண்களைப் பற்றி டொனால்ட் டிரம்ப் பேசிய இழிவான பேச்சின் பழைய பதிவு வெளியானபோது, அது வெறும் லாக்கர் ரூம் பேச்சு என்று அவர் விளக்கம் சொன்னார். உடனே அமெரிக்க விளையாட்டு வீரர்கள் பலர், எங்கள் அறையில் அப்படிப் பேசுவதில்லை என்று வெளிப்படையாக மறுத்தார்கள். தங்கள் அறையின் பெயர் இன்னொருவருடைய பேச்சுக்குத் திரையாவதை அவர்கள் பொறுக்கவில்லை. அவர்கள் மறுத்தது நியாயம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த வழிப்பொருள்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு கதவு. உள்ளே யார், வெளியே யார் என்பதை அந்தக் கதவுதான் தீர்மானிக்கிறது. இந்த அறையின் வரலாற்றைக் கதவின் வரலாறு என்று சொன்னாலும் பிழையில்லை.

லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இன்றுள்ள பெவிலியன் 1889-90-இல் கட்டப்பட்டது. அங்கே டெஸ்ட் ஆட்டத்தில் சதமடித்தவர்கள், ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தவர்கள் பெயரை டிரஸ்ஸிங் ரூமின் பலகையில் பொறிக்கிறார்கள். 1952-இல் 184 ஓட்டங்களும் ஐந்து விக்கெட்டுகளும் எடுத்த வினு மன்காட்டின் பெயர் அங்கே இருக்கிறது. மூன்று முறை சதமடித்த திலீப் வெங்சர்க்காரின் பெயரும் இருக்கிறது. சுனில் கவாஸ்கருக்கும் சச்சின் டெண்டுல்கருக்கும் அங்கே டெஸ்ட் சதம் வாய்க்கவில்லை. 2002 ஜூலையில் நாட்வெஸ்ட் இறுதியாட்டத்தில் வென்றதும் சௌரவ் கங்குலி சட்டையைக் கழற்றிச் சுழற்றியது அந்த அறையின் மாடத்தில் நின்றுதான். ஆனால் பெருமைக்குரிய அதே ஆங்கிலக் கிரிக்கெட்டில் நெடுங்காலம் ஓர் அணிக்கு இரண்டு அறைகள் இருந்தன. ஊதியம் வாங்காமல் ஆடும் மேட்டுக்குடியினர் ஓர் அறையிலும், ஊதியத்துக்கு ஆடுவோர் இன்னோர் அறையிலும் உடை மாற்றினார்கள். பல மைதானங்களில் களத்துக்குள் இறங்கும் வாயிலும் வேறு வேறு. ஒரே பந்தைத் துரத்தி, ஒரே எதிரணியோடு மோதி, இடைவேளை வந்ததும் தனித்தனி வாசலில் பிரிந்து போனார்கள். அந்தப் பாகுபாடு 1962 நவம்பரில்தான் ஒழிக்கப்பட்டது.

இந்தியாவில் அதே கதவு சாதியால் சாத்தப்பட்டது. இந்தியக் கிரிக்கெட்டின் தொடக்ககாலப் பெரும் பந்துவீச்சாளரான பல்வங்கர் பாலு, தாழ்த்தப்பட்ட சமூகத்தில் 1876-இல் பிறந்தவர். புனேயில் அவர் ஆடிய இந்து அணியில், களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். அவருடைய தம்பி விட்டல் 1923-இல் இந்து அணிக்குத் தலைவரானார். களம் முதலில் திறந்தது, அறை பின்னர்தான் திறந்தது என்பதை இந்தக் குடும்பத்தின் வரலாற்றைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று இல்லை.

பெண்களுக்கு அந்தக் கதவு வேறு விதமாக மூடப்பட்டது. 1977-இல் அமெரிக்கப் பேஸ்பால் உலகத் தொடரின்போது மெலிசா லட்கி என்னும் பத்திரிகையாளருக்கு கிளப்ஹவுஸில் அனுமதி மறுக்கப்பட்டது. ஆண் நிருபர்கள் ஆட்டம் முடிந்த கையோடு உள்ளே போய் வீரர்களிடம் பேசிச் செய்தி எழுதிக்கொண்டிருக்க, அவர் வெளியே நடைபாதையில் காத்திருக்க வேண்டியிருந்தது. வழக்குத் தொடுத்தார். 1978-இல் நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். வீரர்களின் அந்தரங்கத்தைத் திரைச்சீலையும் துண்டும் கொண்டே காக்கலாம், அதற்காக ஒரு பெண்ணின் தொழிலைப் பறிக்க வேண்டியதில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

கிரிக்கெட்டில் இப்போது கதவை இறுகச் சாத்தியிருப்பது சூதாட்டம். 2000-இல் தென்னாப்பிரிக்க அணித் தலைவர் ஹன்சி குரோன்யேயின் சூதாட்ட விவகாரம் வெடித்தபின் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் ஊழல் தடுப்புப் பிரிவை ஏற்படுத்தியது. வீரர்களும் நடுவர்களும் மட்டும் இருக்கக்கூடிய பகுதி என்று டிரஸ்ஸிங் ரூமையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் வரையறுத்து, ஆட்ட நாளில் உள்ளே நுழையுமுன் கைப்பேசிகளை ஒப்படைக்கச் செய்தார்கள். 2018 மே மாதம் லார்ட்ஸில் ஆடிய பாகிஸ்தான் வீரர்கள் இருவர் ஸ்மார்ட் கைக்கடிகாரம் அணிந்திருந்தது தெரிந்ததும், அதையும் கழற்றச் சொன்னார்கள். ஒரு பக்கம் இத்தனை காவல். மறுபக்கம் வாரியங்களே ஒளிப்படக் கருவியை உள்ளே அனுப்பிப் படம்பிடித்து வெளியிடுகின்றன. 2023 உலகக் கோப்பையின்போது சிறந்த களத்தடுப்பாளருக்கு டிரஸ்ஸிங் ரூமில் பதக்கம் அணிவித்த காட்சிகளை ஆட்டத்துக்கு இணையாக ரசித்தார்கள் நம் ரசிகர்கள். 2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் ரவிச்சந்திரன் அஷ்வின் ஓய்வை அறிவித்துச் சக வீரர்களிடம் விடைபெற்றுப் பேசியதையும் நாம் அந்த அறைக்குள்ளிருந்தே பார்த்தோம். அடுத்த இரண்டு வாரத்தில், சிட்னி டெஸ்டுக்கு முன்னால், அறைக்குள் நடந்த வாக்குவாதம் பத்திரிகைகளில் கசிந்தபோது, பயிற்சியாளருக்கும் வீரருக்கும் இடையேயான பேச்சு அங்கேயே இருக்க வேண்டும் என்றார் அணியின் அப்போதைய பயிற்சியாளர் கௌதம் கம்பீர். வாரியம் காட்ட விரும்புவது காட்சியாகிறது, விரும்பாதது கசிவாகிறது என்பதே இன்றைய நிலை.

கால்பந்தில் இடைவேளை 15 நிமிடம். அதற்குள் வீரர்கள் அறைக்குப் போய், தண்ணீர் குடித்து, பயிற்சியாளரின் ஏச்சையோ அறிவுரையையோ கேட்டுத் திரும்ப வேண்டும். 2003 பிப்ரவரியில் ஆர்சனலிடம் தோற்ற பிறகு மான்செஸ்டர் யுனைடெட் அணியின் அறையில் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் எட்டி உதைத்த காலணி பறந்துபோய் டேவிட் பெக்காமின் புருவத்தைக் கிழித்தது. மூடிய அறை கடிந்துகொள்வதற்கு இடம் தருகிறது. அது எல்லை மீறுவதற்கும் இடம் தருகிறது. இதற்கு நேர்மாறான காட்சி 2018 உலகக் கோப்பையில் கிடைத்தது. பெல்ஜியத்திடம் 3-2 என்று கடைசி நொடிகளில் தோற்ற ஜப்பான் அணி, ரோஸ்டோவ் மைதானத்தில் தங்கள் அறையைத் துப்புரவாகப் பெருக்கித் துடைத்துவிட்டு, ரஷ்ய மொழியில் நன்றி என்று எழுதி வைத்துப் போனது. நியூசிலாந்து ரக்பி அணியினரும் ஆட்டம் முடிந்ததும் தங்கள் ஷெட்டைத் தாங்களே கூட்டுவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். நெல்லைச் சீமை என்று நான் சொல்வது இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தை மட்டுமல்ல. 1986-இல் பிரிந்த தூத்துக்குடியையும் 2019-இல் பிரிந்த தென்காசியையும் சேர்த்துத்தான். இது விளையாட்டு வளமுள்ள மண். கோவில்பட்டிக்கு ஹாக்கி, தாமிரபரணிக் கரையிலிருந்து தேரிக்காடுவரை கபடி. ஆழ்வார்திருநகரியை அடுத்த மணத்தியில் பிறந்த கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றவர். பாளையங்கோட்டையில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது, கல்லூரிகளுக்கெல்லாம் பெரிய மைதானங்கள் இருக்கின்றன. ஆனால் இந்தச் சீமையின் பெரும்பான்மையான ஆட்டம் அங்கே நடப்பதில்லை. கோயில் கொடையை ஒட்டியும் பொங்கலை ஒட்டியும் ஊர்ப் பொட்டலில், பள்ளிக்கூட மைதானத்தில், இரவில், கம்பம் நட்டுக் கட்டிய விளக்கொளியில் நடக்கிறது.

அங்கே டிரஸ்ஸிங் ரூம் என்பது வேன். வெளியூர் அணி வந்த வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, அதன் மறைவில் லுங்கியை இடுப்பில் சுற்றிக்கொண்டு பையன்கள் கால்சட்டை மாற்றுவார்கள். வேன் இல்லாவிட்டால் வேப்பமரத்து நிழல். எடைப் பிரிவுப் போட்டியாக இருந்தால் முதலில் வரிசையாக நின்று எடை மிஷினில் ஏற வேண்டும். அரைக் கிலோ கூடிவிட்டவன் ஓடிப்போய் இரண்டு சுற்று ஓடி வியர்த்துவிட்டு வருவான். பிறகு ஒருவன் முழங்காலுக்கு நீகேப் மாட்டுவான், ஒருவன் கணுக்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றுவான், ஒருவன் தொடையில் வலி தைலம் தேய்ப்பான். மூத்தவர் ஒருவர் வந்து, "ஏல, லெஃப்ட் கார்னர்ல பாத்து நில்லு, பாடி வாரவன் சும்மா போனஸ் பாயிண்டுக்கு வாரவன்" என்று தாழ்ந்த குரலில் சொல்வார். கபடியில் இரு பாதிகளுக்கு நடுவே ஐந்தே நிமிட இடைவெளி என்பதால், கால்பந்துக்காரர் அறைக்குள் கேட்பதை இவர்கள் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்து, சுற்றிலும் நிற்கும் ஊராரின் காதுபடவே கேட்கிறார்கள். திரையும் கதவும் இல்லாமலேயே அணி என்னும் உணர்வு அங்கே உண்டாகிறது என்பது உண்மை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த உண்மை பையன்களுக்கு மட்டும் பொருந்துவது. பெண்பிள்ளைகளுக்கு வேன் கதவும் வேப்பமரமும் போதாது. வெளியூர்ப் பள்ளிக்குப் போட்டிக்குப் போகும் மாணவியர் அணிக்கு ஒரு வகுப்பறையைக் காட்டுவார்கள். தாழ்ப்பாள் உடைந்த கதவுக்கு இரண்டு பெஞ்சுகளை முட்டுக்கொடுத்து, கம்பி மட்டும் உள்ள சன்னலுக்கு ஆளுக்கொரு துப்பட்டாவைக் கட்டி, இருவர் வெளியே காவல் நிற்க மற்றவர்கள் உடை மாற்றுவார்கள். இந்தத் தொல்லையே வேண்டாமென்று வீட்டிலிருந்து புறப்படும்போதே சுடிதாருக்குள் ஆட்ட உடையைப் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. ஆட்டம் முடிந்து, மண்ணும் வியர்வையும் ஒட்டிய அதே உடைமேல் சுடிதாரை மாட்டிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் பேருந்தில் நின்றபடி ஊர் திரும்புகிறார்கள். மாதவிடாய் நாளில் போட்டி வந்தால் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். ஒன்பதாம் வகுப்புவரை நன்றாக ஆடிய பிள்ளை பத்தாம் வகுப்பில் நின்றுவிட்டால், வீட்டில் விடவில்லை, படிப்பு கெடும் என்று காரணங்கள் சொல்லப்படும். அவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் "துணி மாத்த ஒதுக்கமா ஒரு எடம் இருக்கா டீச்சர்?" என்று கேட்கும் ஒரு தாய்க்குப் பதில் சொல்ல முடியாத பள்ளி, அந்தக் காரணங்களோடு வாதாடவும் முடியாது. நேர்ப்பொருளிலேயே இந்த அறை தேவைப்படுகிறவர்கள் இவர்கள். வழிப்பொருள்களை நாம் தலைப்புச் செய்திகளில் விளையாடிக்கொண்டிருக்க, முதற்பொருள் இவர்களுக்கு இன்னும் கைக்கு எட்டவில்லை என்பது எனக்கு ஆற்றாமை தருகிறது.

பொது அறை வேண்டும் என்பதற்கு இந்தச் சீமையில் இன்னொரு காரணமும் உண்டு. மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் மணிக்கட்டில் கயிறு கட்டும் வழக்கம் தென்மாவட்டப் பள்ளிகளில் இருப்பது ஊரறிந்த செய்தி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. வண்ணக் கயிறு, மோதிரம் முதலிய அடையாளங்களைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் அந்தக் குழு பரிந்துரைத்தது. கபடியில் எதிராளியைக் கீறிவிடக்கூடிய எதையும் அணிந்துகொண்டு களமிறங்கக் கூடாது. மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஒரே நிறப் பனியனை மாட்ட வேண்டும். அந்தக் கழற்றல் நடக்கும் இடம் உடை மாற்றும் அறை. எந்தத் தெருப் பையனாக இருந்தாலும் ஒரே ஆணியில் சட்டையை மாட்டி, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்து, ஒருவன் முதுகுக்கு இன்னொருவன் தைலம் தேய்த்துவிடும் வாய்ப்பு வகுப்பறையில் கிடைக்காது. ஓர் அறையால் சாதி ஒழிந்துவிடும் என்று சொல்லும் அளவுக்கு நான் வெகுளியாக எழுதவில்லை. ஒவ்வொருவனும் அவனவன் தெருவிலேயே உடுத்தி முடித்து நேராகக் களத்துக்கு வரும்போது, பாலுவுக்கு மறுக்கப்பட்ட அந்தப் பொதுவெளி யாருக்கும் கிடைக்காமல் போகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

என்ன கட்ட வேண்டும் என்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆணும் பெண்ணும் பகிராத இரண்டு அறைகள், உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள், ஆள் உயரத்துக்கு மேல் வைத்த, வெளிச்சம் மட்டும் வரும் சன்னல், வரிசையாகச் சட்டை மாட்டும் ஆணி, சுவரோரம் சிமெண்ட் திண்டு, ஒரு கண்ணாடி, தண்ணீர் வரும் குழாயோடு ஒரு கழிப்பறை, மூடியுள்ள குப்பைத்தொட்டி, இரவு ஆட்டத்துக்கு ஒரு மின்விளக்கு. விளையாட்டு விழாவின் மேடைக்கும் வரவேற்பு வளைவுக்கும் செலவழிக்க வருகிற மனம் இதற்கும் வர வேண்டும்.

கட்டிய இடங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பள்ளிகளில் உடை மாற்றும் அறை என்று பெயர் எழுதிய கதவுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளும், பழைய வினாத்தாள் கட்டுகளும், காற்றுப் போன பந்துகளும் அடைந்து கிடப்பது அபூர்வமல்ல. பூட்டின் சாவி அலுவலகத்தில் இருக்கும், அலுவலகம் மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும், பயிற்சியோ அதற்குப் பிறகுதான் தொடங்கும். ஆகவே அறையைக் கேட்கும்போதே சாவியையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. பயிற்சி நடக்கும் நேரம் முழுவதும் அது உடற்கல்வி ஆசிரியர் கையிலும், மாணவியர் போட்டி நடக்கும் நாளில் அணியோடு வந்த ஆசிரியை கையிலும், ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இருக்க வேண்டும்.